சந்தக்ஃபூவில் தூக்கம் வராது: ஐந்து நாள், நூறு மைல்

அக்டோபர் 27, மிரிக்

பாக்டோக்ரா விமான நிலையத்தில் இறங்கியபோது சென்னை மாதிரியே வேர்த்தது. தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே வளைந்து வளைந்து ஏறி டார்ஜிலிங் பக்கத்து மலையூரான மிரிக் வந்து சேர்வதற்குள் ஸ்வெட்டர் தேவைப்பட்டது. ஊர் நடுவில் சுமேந்து ஏரி. கரையில் குதிரைச் சவாரி, பலூன், ஆலூ தம் என்கிற உருளைக்கிழங்குக் கறி விற்கும் வண்டிகள். ஒரு தட்டு நாற்பது ரூபாய். காரத்தில் ஆந்திராவுக்குச் சளைத்ததில்லை. மிரிக் ஆரஞ்சுக்குப் பேர் போன ஊர். மரத்தில் காய் நிறைய இருக்கிறது, ஆனால் எல்லாம் பச்சை. நவம்பர் கடைசியில் வந்திருக்க வேண்டும் என்றார் ஹோட்டல்காரர். அப்போது ரேஸ் இல்லையே என்றேன். அதனால்தான் சொல்கிறேன் என்றார்.

நாளை ஆரம்பிப்பது ஹிமாலயன் 100 மைல் ஸ்டேஜ் ரேஸ். 1991-லிருந்து நடக்கிறது. ஐந்து நாளில் 160 கிலோமீட்டர், நாளுக்கு ஒரு ஸ்டேஜ்: 38, 32, 42, 21, 27. மேற்கு வங்கத்தின் உச்சியான சந்தக்ஃபூவுக்கு முதல் நாளே ஏறிவிட வேண்டும். உயரம் 3,636 மீட்டர். நம் தொட்டபெட்டாவுக்கு மேலே இன்னும் ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் என்று வீட்டில் சொல்லாமல் வந்தேன்.

நான் பெசன்ட் நகர் கடற்கரை ரோட்டில் ஓடிப் பழகியவள். ட்ரெயில், அதாவது மலை, காட்டுப் பாதை ஓட்டத்தின் பக்கம் வந்து ரொம்ப நாளாகவில்லை. சென்னையில் மலைக்கு எங்கே போவது? பரங்கிமலைப் படிக்கட்டில் ஏறி இறங்கினேன். லீவு சேர்ந்தாற்போல் கிடைத்தால் கொல்லிமலை. காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவும் கால்நடையாக. அது காலுக்கு ஆயிற்று. காற்று குறைந்த இடத்தில் மூச்சுக்கு என்ன பயிற்சி எடுப்பது என்று மட்டும் யாராலும் சொல்ல முடியவில்லை.

சாயங்காலம் கூட்டம் போட்டு எல்லாம் விளக்கினார்கள். எனக்கு மண்டையில் ஏறியது ஒன்றுதான்: மேட்டில் யாரும் ஓட வேண்டாம், நடந்தால் போதும். பக்கத்தில் வேல்ஸிலிருந்து வந்த பாட்டியம்மா ஒருவர் உட்கார்ந்திருந்தார். வயது அறுபத்தெட்டு. அவர் கேட்டது ஒரே கேள்வி: "வழியில் உருளைக்கிழங்கு உண்டா?" உண்டு என்றதும் நோட்டை மூடிவிட்டார்.

அக்டோபர் 28, மானேபஞ்சங் – சந்தக்ஃபூ, 38 கி.மீ.

இருட்டிலேயே பஸ் கிளம்பியது. மானேபஞ்சங் ஒரே ஒரு கடைத்தெரு. இந்தப் பக்கம் இந்தியா, அந்தப் பக்கம் நேபாளம். நடுவில் கோழிகள் இரண்டு நாட்டிலும் மேய்கின்றன. தெருவோரம் 1950-களின் லேண்ட் ரோவர்கள் வரிசையாக நின்றன. காட்சிக்காக அல்ல, இன்றைக்கும் ஓடுகிற வண்டிகள். சந்தக்ஃபூ ரோடு முன்பெல்லாம் முழுக்கக் கல் அடுக்கிய பாதையாம், வேறு வண்டி தாங்காதாம். இப்போது பல இடங்களில் கான்கிரீட் போட்டுவிட்டார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் மேளம் தட்டி, ஒவ்வொருவர் கழுத்திலும் வெள்ளைப் பட்டுத் துண்டு போட்டு அனுப்பினார்கள். அதைக் கழற்றி வைக்க மனசு வராமல் இடுப்பில் கட்டிக்கொண்டேன்.

முதல் அடியிலிருந்தே ஏற்றம். சித்ரே மடாலயம் வருவதற்குள் எல்லோரும் நடைக்கு வந்துவிட்டோம். ஐரோப்பாக்காரர்கள் நாலைந்து பேர் மட்டும் மான் மாதிரி போனார்கள். அவர்களை அடுத்து பார்த்தது சாப்பாட்டு மேஜையில்தான்.

மேக்மாவில் மூடுபனி. முன்னால் போகிறவரின் முதுகுப்பை மட்டும் தெரிந்தது. ஒரு வீட்டுத் திண்ணையில் டீ முப்பது ரூபாய். அடுப்புக்கு மேலே கயிற்றில் கோத்த சுர்ப்பி தொங்கியது. யாக் என்கிற மலைச் சடைமாட்டின் பாலிலும் பசும்பாலிலும் செய்து புகையில் காயவைக்கிற கெட்டிப் பாலாடைக்கட்டி. சின்னச் சின்னச் சதுரமாக, பழுப்பு நிறத்தில், ஓரம் கத்தி மாதிரி கூராக. அந்த வீட்டு தீதி (அக்கா) ஒன்றைக் கழற்றி என் கையில் வைத்து, கடிக்கக் கூடாது, கன்னத்தில் ஒதுக்கிக்கொள் என்று சைகை காட்டினார். காசு வாங்கவில்லை. ஒரு மணி நேரம் கழித்துத்தான் அது கொஞ்சம் இளகிப் பால் வாசனை வந்தது. டும்லிங் தாண்டி, கைரிபாஸ் இறக்கம் முடிந்த பிறகும் வாயில் பாதி இருந்தது. இதற்குப் பக்கத்தில் ஓட்டக்காரர்கள் சக்திக்காகத் தின்னும் இருநூறு ரூபாய் ஜெல் பாக்கெட் நிற்க முடியாது.

கைரிபாஸில் சிங்கலிலா தேசியப் பூங்காவின் சோதனைச் சாவடி. எல்லைக் காவல் படையான எஸ்.எஸ்.பி.யின் ஜவான் ஒருவர் என் நம்பரையும் பெயரையும் பார்த்துவிட்டு, "தமிழா?" என்றார். தருமபுரிப் பக்கத்துப் பையன்.

"அக்கா, மேல வரைக்கும் ஜீப் போகுதே, தெரியுமா?"

"தெரியும் தம்பி."

"அப்புறம் ஏன் ஓடுறீங்க?"

கட்-ஆஃப் நேரத்தை, அதாவது போய்ச் சேர வேண்டிய கெடுவைச் சாக்காக வைத்து பதில் சொல்லாமல் தப்பித்தேன். தீபாவளிக்கு லீவு கிடைக்கவில்லை என்றார். கையிலிருந்த கோவில்பட்டி கடலைமிட்டாயில் ஒரு பாக்கெட்டைக் கொடுத்தேன். உடனே பிரிக்காமல், பேரைப் படித்துவிட்டுச் சட்டைப் பையில் பத்திரப்படுத்தினார்.

கைரிபாஸுக்கு அப்புறம் கயாகட்டா ஏற்றம், பின் காலிபோக்ரி. கறுத்த சின்னக் குளம், சுற்றிலும் மந்திரம் அச்சிட்ட துணிக் கொடிகள். எந்தக் குளிரிலும் இந்தத் தண்ணீர் உறையாது என்பது இங்குள்ளவர்கள் நம்பிக்கை. எனக்கு அங்கேயே தலைவலி ஆரம்பித்துவிட்டது. விகேபஞ்சங்கிலிருந்து கடைசி நாலு கிலோமீட்டர் நெட்டுக்குத்தலான மேடு. இருபது அடி நடை, நிற்பது. இருபது அடி, நிற்பது. வேல்ஸ் பாட்டி இரண்டு கைத்தடிகளை டிக் டிக் என்று ஊன்றிக்கொண்டு என்னைத் தாண்டிப் போனார். ஓடவும் இல்லை, ஒரு தரம்கூட நிற்கவும் இல்லை. என்ன வேகத்தில் ஆரம்பித்தாரோ அதே வேகம். போகிற போக்கில் உப்புத் தொட்ட அவித்த உருளைக்கிழங்கு ஒன்றை என் கையில் திணித்தார்.

நான் மேலே போய்ச் சேர மணி நாலேகால். அக்டோபர் கடைசியில் இங்கே ஐந்து மணிக்கே இருட்டு. நம் ஊரில் அது டீக்கடையில் கூட்டம் சேர்கிற நேரம்.

அக்டோபர் 29, சந்தக்ஃபூ – மொல்லே – சந்தக்ஃபூ, 32 கி.மீ.

ராத்திரியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த ரேஸில் அதுதான் பெரிய ஸ்டேஜ். பலகைச் சுவர் அறையில் எட்டுப் பேர். வெளியே காற்று தகரக் கூரையைப் பெயர்த்துக்கொண்டு போகிற சத்தம். கொதிக்கிற தண்ணீரை பாட்டிலில் ஊற்றி ஸ்லீப்பிங் பேகுக்குள் போட்டுக்கொள்ளச் சொன்னார்கள். சொன்னவர் நன்றாக இருக்கட்டும். ஆனாலும் கண் அசரும்போதெல்லாம் மூச்சு திடீரென்று நின்று, திடுக்கென்று வாரி இழுத்து முழிப்பு தட்டும். உயரத்தில் பலருக்கும் இப்படி ஆகும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். எனக்கு ஆகும்போது பயமாக இருந்தது. எதிர்க் கட்டிலில் இருந்தவருக்கு ஆகும்போது இன்னும் பயம்: குறட்டை ஓடிக்கொண்டே இருக்கும், சட்டென்று நிற்கும், நான் எண்ண ஆரம்பிப்பேன், பத்து, பதினொன்று, பிறகு ஒரு பெரிய இழுப்பு. அவர் நிம்மதியாகத் தூங்கினார். அவர் மூச்சைக் காவல் காத்தது நான்.

கழிப்பறை நாற்பது அடி தள்ளி. அதற்கு மேல் விவரம் வேண்டாம்.

நாலரைக்கு வைத்த அலாரம் நாலேகாலுக்கே அடித்தது. போன் ராத்திரியில் எப்போதோ நேபாள டவரைப் பிடித்து, நேபாள நேரத்துக்கு மாறியிருக்கிறது. அவர்கள் கடிகாரம் நம்மைவிட பதினைந்து நிமிடம் முன்னால். எட்டுப் பேரும் எழுந்துவிட்டார்கள். பஞ்சாப்காரர் ஒருவர் மட்டும் தலை வரைக்கும் போர்த்திக்கொண்டு, "எந்த நாட்டு நேரப்படி திட்டுவது?" என்றார்.

சரி, அந்தப் பதினைந்து நிமிடத்தால் சூரியோதயத்துக்கு முன்பே வெளியே நின்றேன். உலகின் முதல் ஐந்து சிகரங்களில் கே2 தவிர நாலும் இங்கிருந்து தெரியும்: எவரெஸ்ட், கஞ்சன்ஜங்கா, லோட்சே, மகாலு. முதலில் சிவந்தது கஞ்சன்ஜங்கா. 8,586 மீட்டர், பக்கத்தில் இருப்பதால் பாதி வானத்தை அடைத்துக்கொண்டு நிற்கிறது. அந்தத் தொடர் மொத்தமும் மல்லாந்து படுத்த புத்தர் போல் இருப்பதால் தூங்கும் புத்தர் என்கிறார்கள். தலையாகத் தெரிவது 7,710 மீட்டர் சிகரம், பெயர் கும்பகர்ணன். கும்பகர்ணனுக்கு நேர் எதிரே படுத்தும் எனக்குப் பொட்டுத் தூக்கம் இல்லை. எவரெஸ்ட் இடது பக்கம் எங்கோ தூரத்தில், லோட்சே தோளுக்குப் பின்னால். அதைவிட முன்னால் நிற்கும் மகாலுதான் பெரிதாகத் தெரிகிறது. அங்கே நின்றவர்களில் பாதிப் பேர் மகாலுவைக் காட்டித்தான் எவரெஸ்ட் என்று செல்ஃபி எடுத்துக்கொண்டார்கள். நான் யாரையும் திருத்தவில்லை.

ஓட்டம் இன்று நன்றாகவே போனது. எல்லைக் கோட்டின் முதுகிலேயே பாதை. காய்ந்த புல்வெளி, ஆங்காங்கே பட்டுப்போய் வெள்ளை வெளேரென்று நிற்கும் ஃபிர் மரங்கள், மணி கட்டிய யாக்குகள். முதுகுப்பையின் தண்ணீர்க் குழாய் உறைந்துபோய் முதல் இரண்டு மணி நேரம் ஒரு சொட்டு வரவில்லை. குழாயை ஜாக்கெட்டுக்குள் விட்டு, உறிஞ்சி முடித்ததும் தண்ணீரை ஊதித் திருப்பி அனுப்ப வேண்டும் என்று பஞ்சாப்காரர் கற்றுக்கொடுத்தார். கடலைமிட்டாயும் உறைந்து கல். அக்குளில் வைத்து இளக்கித் தின்றேன்.

மொல்லேயில் திரும்பும்போது தலைவலி போயிருந்தது. சாயங்காலம் வாய் வாய் நூடுல்ஸ் ஒரு கிண்ணம் நூறு ரூபாய், ஒரு பக்கெட் வெந்நீர் நூற்றைம்பது. இரண்டில் ஒன்றுதான் என்று முடிவு செய்து, குளிக்கவில்லை.

அக்டோபர் 30, சந்தக்ஃபூ – ரிம்பிக், 42 கி.மீ.

இந்த நாளுக்குத் தனிப் பெயர் உண்டு: எவரெஸ்ட் சேலஞ்ச் மாரத்தான். இதை மட்டும் ஓட வருகிறவர்களும் இருக்கிறார்கள். பாதி தூரம் கிட்டத்தட்ட நேற்றைய பாதை. பிறகு மலைமுதுகை விட்டு இறக்கம். அந்த இறக்கத்தை நினைத்துத்தான் இரண்டு நாளும் மேட்டில் மூச்சு வாங்கினேன். கீழே இறங்கும்போது காற்று கூடும், கால் தானாகப் போகும், சாய்ந்துகொடுத்தால் போதும் என்று மனசுக்குள் ஒரு கணக்கு.

ட்ரெயில் ஓட்டக்காரர்கள் பேச்சில் ஏற்றத்தைப் பற்றித்தான் வீரக்கதை அதிகம். இறக்கம் என்ன செய்யும் என்று யாராவது உட்காரவைத்துச் சொல்ல வேண்டும். ஏற்றத்தில் மூச்சு போகும், நின்றால் திரும்பி வரும். இறக்கத்தில் ஒவ்வொரு அடியிலும் உடம்பு எடை மொத்தத்தையும் தொடையின் முன்தசை பிரேக் போட்டு நிறுத்துகிறது. நீண்டுகொண்டே சுமை தாங்குவதால் தசைநார்கள் நுணுக்கமாகக் கிழிகின்றன. அது நின்றாலும் திரும்பி வராது. அடுத்த நாள் இன்னும் மோசமாகும். பரங்கிமலையில் நான் ஏறுவதற்குத்தான் நேரம் குறித்தேன், இறங்குவதை இளைப்பாறல் என்று வைத்திருந்தேன்.

காட்டுக்குள் ஒற்றையடிப் பாதை. மூங்கில், ஓக், பாசி படிந்த ரோடோடெண்ட்ரான். ஈர இலைக்கு அடியில் கல்லா வேரா என்று தெரியாது. இந்த மூங்கிலைத் தின்றுதான் சிவப்புப் பாண்டா இங்கே வாழ்கிறது. நூறு பேர் தடதடவென்று ஓடினால் அது எங்கே கண்ணில் படும்? ஆயிரம் மீட்டருக்கு மேல் இறங்கியிருப்பேன், தொடை இரண்டும் நடுங்க ஆரம்பித்தன. கால் பெருவிரல் ஷூ முனையில் போய்ப் போய் மோதி நகம் கறுத்தது. கொஞ்ச தூரம் பக்கவாட்டில் நண்டு நடை. ஓர் இடத்தில் வழுக்கி உட்கார்ந்தேன். எழ மனமில்லாமல் உட்கார்ந்தபடியே ஒரு நாலடி இறங்கினேன். பின்னால் புல்லுக்கட்டு சுமந்து வந்த கிராமத்துப் பெண், நெற்றியில் கட்டு வார், காலில் ரப்பர் செருப்பு, எனக்காக ஒதுங்கி நின்று வழிவிட்டார். "நீங்கள் முன்னே போங்கள் தீதி" என்றேன். போனார். இரண்டு திருப்பத்தில் காணாமல் போய்விட்டார்.

ஸ்ரீகோலாவில் ஆற்றுச் சத்தம், தொங்கு பாலம், வெயில். மூன்று நாளில் முதல் தடவையாக ஜாக்கெட்டைக் கழற்றினேன். அங்கிருந்து ரிம்பிக் வரை ரோடு, அதுவும் மேடு. மேட்டைப் பார்த்துச் சந்தோஷப்படுவேன் என்று நினைத்ததே இல்லை.

ரிம்பிக் விடுதியில் ராத்திரி சாதம், பருப்பு, கீரை, முள்ளங்கி ஊறுகாய். மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டேன். பக்கத்துக் கடையில் தோங்பா நூற்றிருபது ரூபாய்: மூங்கில் குவளை நிறையப் புளித்த கேழ்வரகு, அதன்மேல் வெந்நீர், உறிஞ்ச ஒரு மூங்கில் குழல். நம் ஊரில் கூழாகக் கரைத்துக் குடிக்கிற அதே தானியம். இது கொஞ்சம் தலைக்கு ஏறும். எட்டு மணிக்குத் தூங்கியவள் காலை ஐந்துக்குத்தான் எழுந்தேன்.

அக்டோபர் 31, ரிம்பிக் – பால்மாஜுவா, 21 கி.மீ.

தீபாவளி. நாலு மணிக்கு எண்ணெய் தேய்த்துக் குளித்திருக்க வேண்டிய நாளில் வாசலின் தடவி பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டேன். வீட்டிலிருந்து வீடியோ கால். அம்மா முதலில் பார்த்தது கால் நகத்தைத்தான்.

வெளியே வந்தால் தெரு நாய்கள் எல்லாம் சாமந்தி மாலையோடு நிற்கின்றன. நெற்றியில் சிவப்புத் திலகம் வேறு. மலையில் இதை திஹார் என்கிறார்கள், ஐந்து நாள் பண்டிகை. காக்கைக்கு ஒரு நாள், நாய்க்கு ஒரு நாள், மாட்டுக்கு ஒரு நாள். நாய்க்கு உரியது சதுர்த்தசி, அதாவது நாம் நரகாசுரனுக்காக வெடி வெடிக்கிற அதே திதி. சென்னை நாய்கள் இன்று கட்டிலுக்கு அடியில் நடுங்கிக்கொண்டிருக்கும். ஒரு சிறுமி கறுப்பு நாயைக் காதைப் பிடித்து நிறுத்தி மாலை போட்டுக்கொண்டிருந்தாள்; அது மாலையைத் தின்ன முயன்றது, இவள் அதன் வாயிலிருந்து பூவை ஒவ்வொன்றாகப் பிடுங்கித் திரும்பக் கோத்தாள். கூட்டம் ஓட ஆரம்பித்ததும் அந்த நாய் எங்களோடு வந்தது. மூன்று கிலோமீட்டராவது இருக்கும். நான் நடந்தால் நின்று திரும்பிப் பார்க்கும்.

ஓட்டத்தைப் பற்றி: ரோடு, ஆறு வரை இறக்கம், பிறகு ஏற்றம். இறக்கத்தில் பின்னோக்கி நடந்தேன். ஒரு ஜீப் டிரைவர் வண்டியை நிறுத்தி, பணிவாக, போகும் திசை அந்தப் பக்கம் என்று கை காட்டினார்.

முடிந்ததும் ஜீப்பில் திரும்ப ரிம்பிக். ராத்திரி வீடு வீடாக அகல் விளக்கு. பெண்பிள்ளைகள் கூட்டமாக வந்து வாசலில் பாடினார்கள். வீட்டுக்காரர் முறத்தில் அரிசி, விளக்கு, காசு வைத்துக் கொடுத்தார். எங்களுக்கு ஸெல் ரொட்டி வந்தது. அரிசி மாவில் வளையமாகச் சுட்ட பலகாரம், அதிரசத்துக்குப் பங்காளி முறை வேண்டும். ஐந்து தின்றேன். பஞ்சாப்காரர் ஏழு.

நவம்பர் 1, பால்மாஜுவா – மானேபஞ்சங், 27 கி.மீ.

தோத்ரே வரை ஏற்றம், அப்புறம் இறக்கம். மூடுபனி. வேல்ஸ் பாட்டியோடு ஒட்டிக்கொண்டேன். அவர் டிக் டிக் சத்தத்துக்குக் கால் போடுவது ஒன்றுதான் என் வேலை. ஓடத் தோன்றியபோதும் ஓடவில்லை. பேச்சு அதிகம் இல்லை. முழங்கால் ஆபரேஷன் ஆனதிலிருந்து தான் ஓடுவதே இல்லை என்றும், வேகமாக நடக்கிறவர்களை ரேஸில் யாரும் தடுப்பதில்லை என்றும் சொன்னார்.

மானேபஞ்சங்கில் அதே பிள்ளைகள், அதே மேளம். கழுத்தில் மெடல் விழுந்ததும் எல்லோரும் மலையைப் பார்த்துப் படம் எடுத்தார்கள். மலை பனிக்குள் இருந்தது. மோமோ தட்டு எண்பது ரூபாய், எட்டு. சட்னி உபயோகத்தில் எச்சரிக்கை தேவை.

நவம்பர் 2, மிரிக்

அறை இரண்டாம் மாடி. படியில் இறங்க ஒரே வழி, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாக. காபி கொண்டுவந்த பையன் பார்த்துவிட்டுத் தட்டைக் கீழே வைத்தான். சிரிப்பான் என்று நினைத்தேன், ஒரு படி கீழே நின்று என்னோடு தானும் பின்பக்கமாகவே இறங்கினான்.

ஏரிக்கரையில் வேல்ஸ் பாட்டி கைத்தடிகளோடு கிளம்பிக்கொண்டிருந்தார். ஏரியைச் சுற்றி மூன்றரை கிலோமீட்டர்தான், வருகிறாயா என்றார். நீங்கள் போய்வாருங்கள் என்று சொல்லிவிட்டு ஆலூ தம் வண்டிப் பக்கம் போனேன். ஒரு சுற்று முடித்து அவர் வந்தபோது நான் இரண்டாவது தட்டில் இருந்தேன். அவருக்கும் ஒன்று சொன்னேன். காரத்தில் கண்ணில் தண்ணீர் வழிய, உருளைக்கிழங்கு நன்றாக இருக்கிறது என்றார்.